ஜாயிண்ட்டில்தான் பிரச்சினை

வேலை முடிந்து வெகு நேரமாகியும் ஸ்பானர் சிங்க்குக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. வர விருப்பமில்லாமல் இல்லை. வர முடியவில்லை.

ஸ்பானர் என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். குழாய் ஒழுகினால் 'பிளம்பரைக் கூப்பிடு' என்று யாரும் சொல்வதில்லை, 'ஸ்பானரைக் கூப்பிடு' என்றுதான் சொல்வார்கள். கோபம் வந்தால் அவர் மனைவியின் வாயிலும் அந்தப் பெயர்தான் வரும்.

அன்று நான்காவது மாடி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டுக்காரர் கதவைத் திறந்து சமையலறைக்கு வழிகாட்டினார். அங்கே அவருடைய மனைவி தரையில், அலமாரியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கையில் டார்ச் விளக்கோடு உட்கார்ந்திருந்தார். ரயில் நிலையத்தில் முப்பது வருடம் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால்கூட, காதில் விழுந்தவருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைமேடை மாறத் தோன்றும், அப்படி ஒரு குரல். கட்டடத்தில் எல்லோரும் அவரை அறிவிப்பம்மா என்றே சொல்வார்கள்.

"சிங்க்குக்கு அடியில. காலையிலேர்ந்து சொட்டிக்கிட்டிருக்கு. நான் இங்கேயே உட்கார்ந்து கவனிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் அறிவிப்பம்மா.

ஸ்பானர் முட்டி போட்டுத் தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தார். கடுகளவு ஈரம்கூட இல்லை. ஆனால் அந்தக் குரலிடம் போய் 'உங்கள் குழாயில் ஒன்றுமில்லை' என்று எந்தத் தைரியத்தில் சொல்வது? பழைய வாஷரைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டு, நட்டை முறுக்கிவிட்டு, எழுந்திருக்கப் பார்த்தார்.

வலது முட்டி மறுத்துவிட்டது.

முட்டிக்குள் யாரோ ஒரு பிடி மணலைக் கொட்டித் திருகியது போலிருந்தது. மறுபடி முயன்றார். கண்ணில் பூச்சி பறந்தது.

இது திடீரென்று வந்த விருந்தாளி அல்ல. பல மாதமாகவே அந்த முட்டி அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மாடிப்படி இறங்கும்போது சொன்னது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது சொன்னது. நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து வேலை பார்த்த சாயங்காலங்களில் பன்ரொட்டி மாதிரி உப்பிக்கொண்டு சொன்னது. ஸ்பானர் பழியைச் செருப்பின் மேல் போட்டார், மழையின் மேல் போட்டார், கட்டிலின் மேல் போட்டார். டாக்டரிடம் போகச் சொன்ன மனைவியிடம், "ஊர்ல இருக்கிற ஜாயிண்ட்டையெல்லாம் நான் சரி பண்றேன். என் ஜாயிண்ட்டுக்கு நான் இன்னொருத்தர்கிட்ட போய் நிக்கணுமா?" என்று கேட்டார்.

உள்ளே வேறொரு பயம் இருந்தது. குனிய முடியாத பிளம்பரை யார் கூப்பிடுவார்கள்?

"முடிஞ்சுதா தம்பி?" என்றது அறிவிப்புக் குரல்.

"முடிஞ்ச மாதிரிதாம்மா. ஆனா உள்ளே இன்னொரு ஜாயிண்ட் சரியில்ல."

திட்டு விழும் என்று எதிர்பார்த்தார்.

"அப்படியா? அதையும் பாருங்க. அவசரமே இல்ல" என்றார் அறிவிப்பம்மா.

ஸ்பானருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் கிடைத்தால் முட்டி மனம் மாறும் என்று நினைத்தார். சும்மா இருந்தால் சந்தேகம் வருமே என்று கையிலிருந்த ஸ்பானரால் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார். டிங். டிங். டிங்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் வாய் திறந்து பேசுவதே அபூர்வம். முப்பது வருட அறிவிப்புகளைக் கேட்டு நடந்தே பழகியவர்.

"நீ ஏன் இங்கேயே உட்கார்ந்திருக்கே? வந்து சோபாவுல உட்காரேன்" என்றார்.

"வேலை நடக்கிற இடத்துல ஒரு ஆள் இருக்க வேண்டாமா? நீங்க போய் ரெண்டு பேருக்கும் டீ போடுங்க."

வீட்டுக்காரர் போனார். ஸ்பானருக்கு வியர்த்தது. அம்மா தன்னை நம்பவில்லை, கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருக்கிறார் என்று புரிந்தது. வெறும் தட்டல் இனிமேல் செல்லாது. உண்மையாகவே ஏதாவது செய்து காட்ட வேண்டும்.

ஒரு நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஒரு சொட்டு வந்தால் போதும், அதைக் காட்டிவிட்டு இன்னும் சிறிது நேரம் ஓட்டலாம் என்பது கணக்கு. நட்டு அவரைவிட வயதானது. அப்படியே கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி முகத்தில் அடித்தது. அவசரமாக வால்வைத் திருகினார். வால்வின் கைப்பிடியும் கையோடு வந்தது.

"அம்மா, மெயினை மூடணும்" என்றார், தண்ணீரை விழுங்கிக்கொண்டே.

மடியில் தண்ணீர் தெறித்தும் அறிவிப்பம்மா இம்மிகூட அசையவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "என்னங்க, காவலாளிகிட்ட சொல்லி மெயினை மூடச் சொல்லுங்க" என்றார். அந்தக் குரல் வீட்டுக்காரரைத் தாண்டி, படிகளைத் தாண்டி, கீழே காவலாளியின் காதிலேயே நேராகப் போய் விழுந்தது. மொட்டைமாடிக்கு ஓடிய காவலாளிக்கு எந்த வால்வு எந்த வீட்டுக்கு என்று தெரியாது. இருந்த எல்லாவற்றையும் மூடினார்.

தண்ணீர் நின்றது. கட்டடம் முழுவதும் நின்றது.

சட்டையெல்லாம் நனைந்து, ஸ்பானர் உள்ளே அப்படியே முட்டி போட்டபடி இருந்தார். அப்போது வெளியே தரையில் வைத்திருந்த அவருடைய கைபேசி அடித்தது. அவருக்குக் கை எட்டவில்லை. அறிவிப்பம்மா எட்டி எடுத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"என்னங்க, முட்டி எப்படி இருக்கு?" என்றது மனைவியின் குரல், சமையலறை முழுக்க. "காலையில கட்டில்லேர்ந்து இறங்கறதுக்குள்ள சுவரைப் பிடிச்சீங்க, கதவைப் பிடிச்சீங்க. எவர் வீட்டுலயாவது உட்கார்ந்துட்டு எழுந்திருக்க முடியாம மாட்டிக்காதீங்க. அசிங்கமாப் போயிடும்."

ஸ்பானர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"நீங்கள் அழைத்தவர் பணியில் இருக்கிறார்" என்று அறிவிப்பம்மா கணீரென்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

குழாயின் வாயிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து வெளியே போ என்று சொல்லப் போகிறார், அதைக்கூடச் செய்ய முடியாதே என்று ஸ்பானர் நினைத்தார்.

"தம்பி" என்றார் அறிவிப்பம்மா. குரல் அபூர்வமாக இறங்கியிருந்தது. "இடது பக்க மூலையிலயும் ஏதோ கசியற மாதிரி தெரியுது. அதையும் நிதானமாப் பாருங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்."

ஸ்பானர் தலையைத் திருப்பிப் பார்த்தார். இடது பக்க மூலையில் குழாயே கிடையாது. எல்லாம் தெரிந்தும் தெரியாததுபோல் ஒருவர் தன் மானத்தைக் காப்பாற்றுகிறார். பெற்ற தாய்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு, இல்லாத குழாயைத் தேடுவதுபோல் கையால் துழாவினார்.

அதற்குள் வாசலில் சத்தம். மேல் மாடிக்காரர் இடுப்பில் துண்டும் தலை நிறைய சோப்பு நுரையுமாக வந்து நின்றார். பின்னால் காவலாளி.

"யாருங்க தண்ணியை நிறுத்தினது? என் கண்ணு எரியுது" என்றார் மேல் மாடிக்காரர்.

அறிவிப்பம்மா உட்கார்ந்தபடியே நிமிர்ந்தார். "பராமரிப்புப் பணி காரணமாகத் தண்ணீர் வருவதில் தாமதம் ஏற்பட்டுள்ளது. தடங்கலுக்கு வருந்துகிறோம்."

மேல் மாடிக்காரர் பழக்கதோஷத்தில் கைக்கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். பிறகுதான் சுதாரித்துக்கொண்டார். "அதெல்லாம் சரி, எவ்வளவு நேரம் ஆகும்? ஏம்ப்பா, உள்ளே என்ன பண்றே?"

"ஜாயிண்ட் மாட்டிக்கிச்சு சார்" என்றார் ஸ்பானர். அது பொய்யில்லை.

"நகரு, நான் பார்க்கிறேன்."

"நகர முடியாது சார்."

"ஓ, ஆளே மாட்டிக்கிட்டானா?" மேல் மாடிக்காரர் நல்ல மனிதர். உதவி என்றால் யோசிக்கமாட்டார். வெளியே தெரிந்த வலது காலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

ஸ்பானர் போட்ட அலறலில் அறிவிப்பம்மாவின் கையிலிருந்த டார்ச் கீழே விழுந்தது. தலையைத் தூக்கியதில் சிங்க்கில் இடித்துக்கொண்டது தனிக் கதை.

"கால் பைப்புக்குள்ள சிக்கியிருக்கு. போய் ரம்பம் எடுத்துட்டு வாப்பா" என்று காவலாளியிடம் சொன்னார் மேல் மாடிக்காரர்.

"எதை அறுக்கிறதுக்கு சார்?" என்று காவலாளி கேட்டதற்கு அவர் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஸ்பானருக்கு அதுதான் அதிகக் கலக்கத்தைக் கொடுத்தது.

ரம்பத்துக்குப் பதிலாக, இரண்டாவது மாடியிலிருந்து பிசியோதெரபி டாக்டரம்மா வந்து சேர்ந்தார். கீழே அவருடைய சிகிச்சை அறையிலும் தண்ணீர் இல்லை. கேட்டுவிட்டுப் போக வந்தவர், அலமாரிக்கு வெளியே நீட்டியிருந்த கால்களைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வலது கால்சட்டை முட்டியருகே இறுகிப் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இந்த ஜாயிண்ட் எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"பழைய ஜாயிண்ட்டுங்க. சில மாசமா மோசம்" என்றார் ஸ்பானர், உள்ளேயிருந்து.

"காலையில இறுக்கமா இருக்குமா?"

"இருக்கும். அஞ்சு பத்து நிமிஷம் ஓடவிட்டா தளர்ந்துடும்."

"சூடா இருக்கா?"

"இது பச்சைத் தண்ணி லைனுங்க."

"மடக்கினா கரகரன்னு சத்தம் வருதா?"

"பைப்பை யாருங்க மடக்குவாங்க?"

"நான் பைப்பைக் கேக்கலண்ணே" என்றார் டாக்டரம்மா.

வெளியே மேல் மாடிக்காரரின் தலையில் நுரை உடையும் சத்தம்கூடக் கேட்டது. பிறகு சிங்க்குக்கு அடியிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"முட்டி எழுந்திருக்க விடமாட்டேங்குது டாக்டரம்மா. வேலை முடிஞ்சு ரொம்ப நேரம் ஆச்சு. வெளியே சொன்னா நாளைக்கு யாரும் வேலைக்குக் கூப்பிடமாட்டாங்கன்னு பயம்."

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். முதலில் பேசியவர் மேல் மாடிக்காரர்.

"இதுக்கா இவ்வளவு? எனக்கு இந்தத் தோள்பட்டை ஒரு வருஷமா தலைக்கு மேல போகமாட்டேங்குது. சோப்பு போட்டா தேய்க்க முடியறதில்ல. அதான் இப்படி நிக்குது."

"எனக்குக் காலையில விரல் மடங்காதுங்க" என்றார் காவலாளி. "கேட்டைத் திறக்க முழங்கையாலதான் தள்ளுவேன்."

அறிவிப்பம்மா மட்டும் எதுவும் சொல்லாமல், விழுந்த டார்ச்சை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் அப்புறம் என்கிட்ட வாங்க. முதல்ல அண்ணனை எழுப்புவோம்" என்றார் டாக்டரம்மா. "அண்ணே, முட்டியோட மல்லுக்கு நிக்காதீங்க. முதல்ல அப்படியே இடது பக்கமாச் சாய்ஞ்சு இடுப்பைத் தரையில வைங்க. தலையைப் பார்த்து வெளியே எடுங்க. ஆங். இப்ப காலை நீட்டுங்க."

ஸ்பானர் நீட்டினார். நீட்டிய காலைக் கொஞ்சம் மடக்கி, கொஞ்சம் நீட்டி, மறுபடி மடக்கச் சொன்னார் டாக்டரம்மா. மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பிறகு ஒரு துண்டை மடித்துத் தரையில் போட்டு, கனமான நாற்காலி ஒன்றை முன்னால் இழுத்துப் போட்டார்.

"வலி இருக்கிற முட்டி துண்டு மேல. நல்ல காலை முன்னாடி ஊனுங்க. ரெண்டு கையும் நாற்காலியில. மூச்சை அடக்காதீங்க. நல்ல கால்தான் தூக்கணும்."

"எந்தக் கால் முன்னாடி?" என்று அறிவிப்பம்மா கூர்மையாகக் கேட்டார். "இன்னொரு தடவை தெளிவாச் சொல்லுங்க."

"நல்ல கால்மா."

"நல்ல கால் முன்னால், கைகள் நாற்காலியில்" என்று அறிவிப்பம்மா கட்டடத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

தனக்காக இவ்வளவு அக்கறையா என்று ஸ்பானர் நெகிழ்ந்தார். நெகிழ்ச்சியோடு பல்லைக் கடித்து ஊன்றினார். நாற்காலி கிறீச்சிட்டது. இடுப்பு எழுந்தது. முதுகு எழுந்தது. ஸ்பானர் நின்றார்.

மேல் மாடிக்காரர் கை தட்டினார், தோள்பட்டை அனுமதித்த அளவுக்கு. காவலாளி விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கைகளால் தட்டினார்.

"இனிமே வேலைக்கே போகக்கூடாதுன்னு சொல்லுவீங்களா?" என்று ஸ்பானர் பயந்துகொண்டே கேட்டார்.

"சும்மா படுத்தாத்தான் இன்னும் இறுகும். பார்த்தா தேய்மானம் மாதிரி இருக்கு, ஆனா அதை டாக்டர்தான் படம் எடுத்து, ரத்தம் பார்த்துச் சொல்லணும். காலையில மணிக்கணக்கா விறைச்சிருந்தா அது வேற வகை, அதுக்கு வைத்தியமும் வேற. நாளைக்கே போங்க. முட்டி போடுறதையும் குந்துறதையும் விடுங்க. உட்கார்ந்து வேலை செய்யுங்க. தொடையில பலம் ஏறினா முட்டிக்குப் பாரம் குறையும், அதுக்கு நான் பயிற்சி சொல்லித் தரேன்."

வீட்டுக்காரர் ஒரு குட்டை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். ஸ்பானர் அதில் உட்கார்ந்து, புது நட்டும் புது வால்வும் பொருத்தினார். முட்டியை நினைக்காமல் வேலை பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. தண்ணீர் திரும்ப வந்தபோது, மேலேயும் கீழேயும் எல்லா வீட்டுக் குழாய்களும் ஒரே நேரத்தில் கொர்ரென்று தொண்டையைச் செருமின. மேல் மாடிக்காரர் ஓடினார்.

புறப்படும்போது ஸ்பானர் அறிவிப்பம்மாவின் முன்னால் கைகூப்பி நின்றார்.

"அம்மா, நீங்க என்னைக் காட்டிக் கொடுக்கவே இல்ல. சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்."

அறிவிப்பம்மா தரையில் உட்கார்ந்தபடியே ஒரு மகாராணியைப் போலத் தலையசைத்தார். "பார்த்துப் போயிட்டு வாங்க. வழியில எங்கயும் குந்தாதீங்க."

மறுநாளே ஸ்பானர் டாக்டரிடம் போனார். தேய்மானம்தான் என்றார் டாக்டர். வீங்கும்போது என்ன செய்வது, மாத்திரை எப்போது, எடை எவ்வளவு குறைய வேண்டும் என்று சொல்லியனுப்பினார். மனைவி கூடவே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், வீட்டுக்கு வந்ததும் அவற்றையெல்லாம் சட்டமாக்கினார். ஸ்பானர் தினமும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நீட்டி மடக்கினார். மிச்சமான குழாய்த் துண்டுகளை வெட்டி, நான்கு சக்கரம் பூட்டி, தாழ்வான ஸ்டூல் ஒன்றைத் தானே செய்துகொண்டார். அதில் உட்கார்ந்து ஒரு உந்து உந்தினால் குளியலறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். வாடிக்கையாளர்கள் அதை வேடிக்கை பார்க்கவே கூப்பிட ஆரம்பித்தார்கள். குனிய முடியாத பிளம்பரை யார் கூப்பிடுவார்கள் என்று பயந்தவருக்கு, மூச்சுவிட நேரமில்லாமல் வேலை வந்தது.

முட்டி முழுக்கச் சரியாகிவிடவில்லை. மழை நாளில் முணுமுணுக்கும். ஆனால் இப்போது அது சொல்வதை அவர் காதுகொடுத்துக் கேட்டார். அதுவும் கத்துவதைக் குறைத்துக்கொண்டது.

சில மாதங்கள் கழித்து டாக்டரம்மா அந்தக் கட்டடத்தின் பொது அறையில் மூட்டுவலிக்காரர்களுக்குக் காலை வகுப்பு நடத்தினார். புதிதாக வந்தவர்களுக்குத் தைரியம் சொல்ல ஸ்பானரை அழைத்திருந்தார். ஸ்பானர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, படியேறியே வந்தார்.

அறை நிறைய ஆட்கள். மேல் மாடிக்காரர் சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். காவலாளி மெத்தென்ற பந்தைப் பிசைந்துகொண்டிருந்தார். முதல் வரிசையில், தன் கணவரின் பக்கத்தில், அறிவிப்பம்மா உட்கார்ந்திருந்தார். தன் பேச்சைக் கேட்கவே வந்திருக்கிறார் என்று ஸ்பானருக்கு நெஞ்சு விம்மியது.

நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து காட்டினார் ஸ்பானர். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். அறை கை தட்டியது. அவருடைய மனைவி கடைசி வரிசையிலிருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்.

"வலியை மறைச்சா அது குறையாதுங்க, வளரும்" என்றார் ஸ்பானர். "சொல்றதுக்கு வெக்கப்பட்டு நான் ஒரு நாள் ரொம்ப நேரம் சிங்க்குக்கு அடியில கிடந்தேன். அன்னைக்கு என் மானத்தைக் காப்பாத்தினது இந்த அம்மாதான். எல்லாம் தெரிஞ்சும், இல்லாத கசிவையெல்லாம் சொல்லி எனக்கு நேரம் வாங்கிக் கொடுத்தாங்க."

எல்லோரும் அறிவிப்பம்மாவைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியிலிருந்து, கைகளை மார்பில் கட்டியபடி, எதையும் பிடிக்காமல், கம்பீரமாக எழுந்து நின்று வணங்கினார். இன்னும் பலத்த கைதட்டல்.

ஸ்பானர் மலைத்துப்போனார். இவ்வளவு சுலபமாக அவருக்கே எழ வராது. கூட்டம் கலைந்ததும் வீட்டுக்காரரைத் தனியாக ஒதுக்கிக் கேட்டார்.

"ஐயா, அம்மாவுக்குத்தான் ஒரு வலியும் கிடையாதே. எனக்காகவா இந்த வகுப்புக்கெல்லாம் வராங்க?"

வீட்டுக்காரர் தன் மனைவி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்குக் குழாய் ஒழுகவே இல்ல தம்பி, தரையைத் துடைக்க உட்கார்ந்தவளால எழுந்திருக்க முடியல, அதை என்கிட்ட சொல்ல மனசு வராமத்தான், தரையில உட்கார்ந்திருக்க ஒரு சாக்கா உங்களை வரவழைச்சா."